நனைந்த ஷூ

ஊர் வழக்கப்படி, மகளுக்குத் தேர்வு தண்ணீராய் ஓட வேண்டும் என்று ஸோர்னிட்சாவின் அம்மா வாசலில் கொட்டிய தண்ணீரில் பாதி, மகளின் வலது ஷூவுக்குள் போய்விட்டது. இப்போது ப்ளோவ்திவ் நர்சிங் கல்லூரியில், பேராசிரியர் கல்சேவுக்கு எதிரே, அந்த ஈரக் காலோடு உட்கார்ந்திருந்தாள். குலுக்கி எடுத்த சீட்டில் சுலபமான கேள்விதான் வந்திருந்தது. அணுவில் புரோட்டான் எத்தனையோ எலக்ட்ரானும் அத்தனை, அதனால் மின்சுமை இல்லை. கதவைப் பார்த்தபடியே மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அவர் விடுவதாக இல்லை.

“சோடியத்துல எத்தனை?”

“ரெண்டும் பதினொண்ணு, சார்.”

“ட்ரிப்ஸ்ல இருக்கிற சோடியத்துல?”

“அதுலயும் அப்படித்தான்.”

“நேத்து வார்டுல எத்தனை பேருக்குப் போட்டே?”

“ஆறு பேருக்கு.”

“எலக்ட்ரான் பதினொண்ணு இருந்தா அது தண்ணி பட்டதும் தீப்பிடிக்கிற உலோகம்மா. ஆறு பேரும் எரிஞ்சுட்டாங்களா?”

காது சுட்டது. தலை குனிந்தாள். பனி உருக ரோட்டில் தூவியிருந்த உப்பு, ஷூவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. காலையிலிருந்து ஈரத்தில்தான் கிடக்கிறது. புகைகூட வரவில்லை.

“பத்துதான் சார். ஒண்ணைக் குளோரினுக்குக் கொடுத்துட்டுத்தான் உப்புல இருக்கு.”

“அப்போ கணக்கு இடிக்குதே?”

“இதுல ஒண்ணு குறைச்சல், அதுல ஒண்ணு கூடுதல். சேர்த்துப் பார்த்தா சமம்.”

கல்சேவ் ஆறுக்கு ஐந்து போட்டுவிட்டு, மேசைக்கடியில் அந்த நனைந்த ஷூவை எட்டிப் பார்த்தார்.

“உங்கம்மாகிட்ட சொல்லு, அடுத்த பரீட்சைக்கும் ஷூ மேலேயே ஊத்தட்டும்.”