பெர்பெத்துவாவின் மழை

செர்ரோ மொஹாடோ என்ற மலையூரில் மழை வேண்டுமென்றால் எத்தெல்வினா கின்தெரோ கணினியில் ஒரு கோப்பைத் திறக்க வேண்டும் என்ற நிலை, கோடையின் நடுவில், ஊர்க் குழாய்கள் வெறும் காற்றை விட்டுக்கொண்டிருந்த வாரத்தில் ஏற்பட்டது. கோப்பைத் திறந்தால் ஆய்வுக்கூடத்தின் தகரக் கூரைமேல் மட்டும் மழை பெய்யும், மூடினால் நின்றுவிடும். பக்கத்து மனையில் காயப்போட்டிருந்த சோளத்தின் மேல் ஒரு சொட்டுகூட விழாது. தலைநகரத்திலிருந்து வந்த வானிலைக்காரர் ஒருவர் கூரையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கூரையில் ஓட்டை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், கோழி சூப்பு குடித்தார், மதிய பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

அந்தக் கோப்பில் இருந்தவை ஒரு தவளையின் மரபணு எழுத்துகள். ஓடையில் குளித்தது, குடித்தது, எச்சில் துப்பியது, தோல் உரித்தது எல்லாமே தன்னில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் போகும். அந்தத் தண்ணீரை மெல்லிய வடிதாளில் வடித்து, தாளில் தங்கியதைக் கரைத்து, சோப்புப் பெட்டி அளவு கருவி ஒன்றில் விட்டால், அது நான்கே எழுத்துகளில் பக்கம் பக்கமாகக் கொட்டும். எந்த வரி எந்த உயிருடையது என்று பிரித்துச் சொல்வதுதான் எத்தெல்வினாவின் வேலை. வழக்கமாக மாடு வரும், பன்றி வரும், மீன் வரும். தண்ணீர் மொண்டு வருகிற நிக்கானோர் எவ்வளவு கையுறை போட்டாலும் அவனும் வருவான். "இந்த மாசமும் ஓடையில ஒரு நிக்கானோர் உயிரோட இருக்கான்" என்று அவள் சொல்வாள். "நல்லா தேடிப் பாருங்க அக்கா, ரெண்டு பேர் இருந்தா ஒருத்தன வேலைக்கு அனுப்பிட்டு நான் தூங்குவேன்" என்பான் அவன். அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை, மாட்டுக்கும் மீனுக்கும் நடுவில், எலுமிச்சைத் தவளை வந்தது. அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தபோது கூரைமேல் மழை விழ ஆரம்பித்தது.

எலுமிச்சைத் தவளை அற்றுப்போனது என்று அரசாங்கம் எப்போதோ அறிவித்துவிட்டது. தோலில் ஒரு பூஞ்சணம் வந்து, ஒரே மழைக்காலத்தில் மலை முழுவதும் ஊமையாகிவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு பெண். ஆய்வுக்கூடத்தின் பின்னால், குளிரூட்டிய சரக்குப் பெட்டி ஒன்றில், பாசியும் கூழாங்கல்லும் வைத்த கண்ணாடித் தொட்டியில் அவள் இருந்தாள். ஊரார் அவளுக்கு டோன்யா பெர்பெத்துவா என்று பெயர் வைத்து, பெரிய மனுஷிக்குரிய மரியாதையோடுதான் பேசினார்கள். தினமும் காலையில் எத்தெல்வினா அவளுக்குச் சிள்வண்டு கொடுத்துவிட்டுத்தான் தன் காப்பியைத் தொடுவாள். ஒவ்வொரு முதல் மழைக்கும் பெர்பெத்துவாவின் வயிறு முட்டையால் நிறையும். ஆண் இல்லாத முட்டை வெள்ளையாகிக் கரைந்து போகும். அதை எத்தெல்வினாதான் வடிகட்டி எடுத்துப் போய்க் கொட்டுவாள். இப்போது பெர்பெத்துவாவுக்கு வயதாகிவிட்டது. வரப்போகும் மழைக்காலம்தான் கடைசி, அதற்குள் ஓர் ஆண் கிடைக்காவிட்டால் அந்தக் குலமே அவளோடு முடிந்தது. ஓடையில் அந்த எழுத்துகளைக் கண்டபோது எத்தெல்வினா எழுந்து நின்றது மழையைப் பார்ப்பதற்காக அல்ல, மாப்பிள்ளை வந்துவிட்டான் என்றுதான்.

ஊருக்கு மாப்பிள்ளையைப் பற்றி என்ன கவலை? மறுநாளே கூரையின் நான்கு மூலையிலும் பீப்பாய்கள் வந்துவிட்டன. தண்ணீர்க் குழுவின் தலைவியும் பஸ் நிறுத்தத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவளுமான டோன்யா சாத்தூர்னினா காலையும் மாலையும் கோப்பு திறக்க நேரம் குறித்துக் கொடுத்தாள். கோப்பின் அளவைக் கேட்டுப்போய் அதன் கடைசி இரண்டு எண்ணுக்குப் புதன்கிழமை லாட்டரி எடுத்தவர்களும் உண்டு. ஒருவருக்கும் விழவில்லை, ஆனாலும் யாரும் தவளையைக் குறை சொல்லவில்லை. கோப்பின் நகல் ஒன்று தலைநகரத்துக்குப் போனது. அங்கே எத்தனை முறை திறந்தும் தரை நனையவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற தலைமை ஆய்வாளர் அப்தியேல் அரோசெமெனா, குடையை மடக்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரிம்மா, இது உன் தொட்டியில இருக்கிற பொண்ணோட எழுத்தா இருந்தா?" எத்தெல்வினாவுக்குச் சுருக்கென்றது. அவர் மறுபடி தண்ணீர் எடுக்கச் சொன்னார், இந்த முறை வெறும்புட்டியும் கொண்டுபோய். இந்தத் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. ஒன்றுமே இல்லாத சுத்தத் தண்ணீரை ஒரு புட்டியில் அடைத்து ஓடைவரை சுமந்து போவார்கள். அங்கே திறந்து மூடி, திரும்பக் கொண்டுவந்து, மற்றப் புட்டிகளுக்குச் செய்கிற உபசாரமெல்லாம் அதற்கும் செய்வார்கள். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் மற்றப் புட்டிகளின் சாட்சியும் செல்லாது.

நிக்கானோர் புட்டியை நிரப்பப் போனபோது காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்திருந்தது. வடிக்கலாம் என்றால் குழாயில் தண்ணீர் இல்லை. அவன் யோசித்தான். வானத்திலிருந்து நேராக விழுகிற தண்ணீரைவிடச் சுத்தமானது எது? கூரைப் பீப்பாயில் மொண்டு மூடியை இறுக்கினான். ஓடைவரை அதைக் குழந்தையைப் போலச் சுமந்துபோய்க் கொண்டும் வந்தான்.

வெறும்புட்டியில் தவளை வழிந்தது. எத்தெல்வினா பெர்பெத்துவாவின் எழுத்துகளை எடுத்து வைத்து ஒப்பிட்டாள். எழுத்துக்கு எழுத்து அவளேதான். கூரைமேல் பெய்தது பெர்பெத்துவாவின் மழை. அதோடு போகவில்லை. முதல் கோப்பிலிருந்ததும் அவளேதான். அது எப்படி ஓடைக்குப் போயிருக்கும் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு விடை கிடைத்தது. ஊர்ப் புனிதரின் திருவிழாவுக்குச் சாத்தூர்னினா வாங்கிய கோழிகளை வைக்க இடமில்லாமல் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியைக் கேட்டிருந்தாள். திருவிழாக் கோழிக்கு இடமில்லை என்று சொல்ல அந்த ஊரில் யாருக்குத் தைரியம் வரும்? எத்தெல்வினா தன் கையாலேயே வடிதாள்களை எடுத்து, ஊரிலேயே குளிர்ச்சியான இன்னோர் இடமான பெர்பெத்துவாவின் அறையில், தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தாள். ஓடைத் தண்ணீர் படும் முன்பே தாளில் தவளை ஏறிவிட்டது.

"போனது போகட்டும். தூக்கிப் போடு" என்றார் அப்தியேல். அவர் கெட்டவரல்ல. மழைக்காலத்தோடு திட்டம் முடிகிறது, அதன்பின் பெர்பெத்துவாவைத் தலைநகரத்துக் காட்சிசாலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதை, எத்தெல்வினாவைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். எத்தெல்வினா தூக்கிப் போடவில்லை. புதிய ஓடைத் தண்ணீரின் கோப்பில் பெர்பெத்துவாவின் வரிகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் அடியில் வேறு யாராவது இருக்கலாம் அல்லவா? உட்கார்ந்து கழித்தாள். கழித்த வரிகள், சாத்தூர்னினா குறித்த நேரத்துக்கு மழை பெய்ததும், ஈரத்தோடு திரும்பி வந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. மூன்று முறை கழித்தாள், மூன்று முறையும் வந்தன. முதல் கோப்பை அடியோடு அழித்தால் ஒழிய இது ஓயாது என்று அவளுக்குப் புரிந்தது. அழித்தால் ஊருக்கு மழை இல்லை.

யாரிடமும் சொல்லாமல் அழித்திருக்கலாம். அவளுக்கு அது முடியவில்லை. தண்ணீர்க் குழு கூடிய மாலையில் போய், கைகளைப் பிசைந்துகொண்டு, உள்ளதை உள்ளபடி சொன்னாள். கோழி விஷயத்தையும் சொன்னாள். கூட்டம் கொஞ்ச நேரம் சாத்தூர்னினாவைப் பார்த்தது. சாத்தூர்னினா கூட்டத்தைப் பார்க்கவில்லை.

"ஆக, ஒரு தவளைக்குப் புருஷன் தேட ஊர் நாக்கு வறண்டு கெடக்கணும், அதானே சொல்ற?" என்றாள் சாத்தூர்னினா.

"லாரித் தண்ணி வாரம் ரெண்டு வாட்டி வருதுல்ல அக்கா. முதல் மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அவளுக்கு இதுக்கப்புறம் ஒரு மழை கெடையாது."

"நானும் இருபது வருஷமா புருஷன் இல்லாமத்தான் இருக்கேன். எனக்காக எவனாவது ஓடையில எறங்கித் தேடினானா?"

"உங்களுக்கு வேற ஆம்பளைங்க ஊர்ல இருக்காங்க அக்கா" என்றான் நிக்கானோர் பின்னாலிருந்து. "அந்தம்மாவுக்கு இல்ல."

"இருக்கிற லட்சணத்தப் பாத்துத்தானேடா சும்மா இருக்கேன்" என்றாள் சாத்தூர்னினா. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எத்தெல்வினாவின் முகத்தைப் பார்த்தாள். தொட்டியிலிருந்து வெள்ளை முட்டைகளை வடித்துக் கொட்டப் போகும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவள் கடைவாசலிலிருந்து வருஷா வருஷம் பார்த்தவள்தான். "சரி, அழி. ஆனா பீப்பாயெல்லாம் நிரம்பினதுக்கப்புறம்" என்றாள். கோப்பு மறுநாள் காலையிலிருந்து மதியம்வரை திறந்தே இருந்தது. பீப்பாய்கள் நிரம்பின, குளிக்கும் தொட்டிகள் நிரம்பின, தேவாலயத்துத் தீர்த்தக் கிண்ணம்கூட நிரம்பியது. பிறகு எத்தெல்வினா அதை அழித்தாள். கூரைச் சத்தம் நின்றதும் ஊருக்குக் காது அடைத்தது போலிருந்தது. யாரும் திட்டவில்லை, யாரும் அவள் பக்கம் வரவும் இல்லை. அன்று சாத்தூர்னினாவின் கடையில் அவளுக்கு வைத்த சூப்பில் கிழங்கு மட்டும்தான் இருந்தது.

இந்த முறை கழித்த வரிகள் திரும்பவில்லை. பெர்பெத்துவாவைக் கழித்தாள், மாட்டைக் கழித்தாள், மீனைக் கழித்தாள், நிக்கானோரைக் கழித்தாள். வெறும்புட்டியில் இருந்தது எல்லாம் போய், ஓடையில் மட்டும் இருந்தது ஒரு கைப்பிடி வரிகளாக நின்றது. எலுமிச்சைத் தவளையின் வரிகள்தான். ஆனால் ஓரிடத்தில் பெர்பெத்துவாவுக்கு ஓர் எழுத்து என்றால் இதற்கு வேறோர் எழுத்து, எல்லா வரியிலும் அதே இடத்தில், பிசகாமல். எந்த அலமாரியும் எந்தக் கோழியும் அதைச் செய்திருக்க முடியாது. எத்தெல்வினா திரையில் விரல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, அந்த எழுத்தை உரக்கப் படித்தாள். கூரையில் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள், இங்கே தூவானத்துக்கும் வழியில்லையா என்று மனம் சோர்ந்து அவள் எழுந்தபோது, வெளியிலிருந்து நிக்கானோர் கத்தினான்.

"அக்கா, மேல பாருங்க!"

துடைத்து வைத்தாற்போன்ற நீல வானத்தில், ஓடை பிறக்கிற மலைப் பிளவுக்கு நேர் மேலே, ஒரே ஒரு மழை நின்றுகொண்டிருந்தது. நூல் போல இருந்தது. அது நகரவில்லை. ஊர் முழுக்க வாசலில் வந்து பார்த்தது. சாத்தூர்னினா கடையை அப்படியே போட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். போகிற வழியெல்லாம் மற்றவர்களின் பூட்ஸைக் கழுவவைத்து, பூஞ்சணம் பற்றி எத்தெல்வினாவையே மிஞ்சி உபதேசம் செய்தாள். பிளவில் அந்தத் தூறலுக்கு அடியில் ஆளுயரப் பாறைகளும் பாசியும்தான் இருந்தன. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. அன்று அது தன் வாயால் பிழைத்தது. பாறை இடுக்கிலிருந்து, தகரத்தில் நகத்தைச் சுண்டியது போல, ஒரு சத்தம் வந்தது. பெரியவர்கள் பலர் அதைக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் கேட்டதே இல்லை. எத்தெல்வினா அழுதாள். மழையில் அது தெரியாது என்று நினைத்துக்கொண்டாள், ஆனால் அவள் மழைக்கு வெளியேதான் நின்றிருந்தாள்.

அவன் பெருவிரல் அளவுதான் இருந்தான். சரக்குப் பெட்டிக்குள் அவனைக் கொண்டுபோனபோது தூறலும் கூடவே வந்தது, கதவு ஈரப்பதத்தில் மூடவில்லை, அவ்வளவுதான். பெர்பெத்துவா ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முதல் மழை இறங்கியபோது முட்டையிட்டாள், இந்த முறை முட்டைகள் வெள்ளையாகவில்லை, உயிர் பிடித்துக் கறுத்தன. அந்த ஆண்டு அப்தியேல் எழுதிய அறிக்கையில் ஆய்வு முறை என்ற தலைப்பின் கீழ், மழை அகற்றப்பட்டது என்று ஒரு வரி உண்டு. தலைநகரத்தில் அதைத் தட்டெழுத்துப் பிழை என்று எண்ணி விட்டுவிட்டார்கள். திட்டம் நீட்டிக்கப்பட்டது. பெர்பெத்துவா எங்கும் போகவில்லை. இரண்டு மழைக்காலம் கூடுதலாக இருந்துவிட்டு, ஒரு காலை பாசியின் மேல் சாந்தமாகக் கிடந்தாள். ஊர் அன்று கடையடைத்தது. பூஞ்சணத்தைத் தாங்கிய தகப்பனின் தோல் பிள்ளைகளில் பாதிக்கு வாய்த்திருந்தது. அவற்றைக் கொண்டுபோய் ஓடையில் விட்டார்கள்.

ஒவ்வொன்றுக்கும் தலைக்கு மேல் ஒரு தூறல் உண்டு என்பதால் கோடையில் மலையைப் பார்த்தே தவளைக் கணக்கு எடுத்துவிடலாம். இது இப்போது அங்கே ஒரு செய்தியே இல்லை. பஸ் ஓட்டுநர்கள் மேல் வளைவில் ஜன்னலை ஏற்றிவிடச் சொல்வார்கள். துணி உலர்த்துபவர்கள் மலையைப் பார்த்துவிட்டுக் கொடி கட்டுவார்கள். ஆண்டுதோறும் ஒரு நாள் எத்தெல்வினா ஆய்வுக்கூடத்துப் படியில் உட்கார்ந்து எண்ணி எழுதி அனுப்புவாள். முதல் ஆண்டு விரல்களே போதுமாக இருந்தது. போன கோடையில் அவள் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, பிளவைத் தாண்டுவதற்குள் நூல் நூலாகக் கலந்து எண்ணிக்கை விட்டுப்போய், திரும்ப ஆரம்பித்து, திரும்பவும் விட்டுவிட்டாள். "எவ்ளோக்கா?" என்று உள்ளேயிருந்து நிக்கானோர் கேட்டான். வாழ்நாளெல்லாம் எண்ணிப் பிரித்தே பிழைத்தவள், பேனாவை மூடி வைத்துவிட்டு, "தெரியலடா" என்று சொல்லிச் சிரித்தாள்.