நான் நீக்கிய கேள்வி

பெட்டி தேடும் விளையாட்டு தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எங்காவது ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போடுவார். தேடிக் கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போடுவார். முதல் கையெழுத்துக்குத்தான் மவுசு. சிலர் எண்களை நேராகத் தராமல் புதிராகத் தருவார்கள். என் புதிரில் காட்டு வாத்துகளைப் பற்றி ஆறு கேள்விகள். ஒவ்வொரு விடையும் ஓர் இலக்கம். ஒன்று பிசகினாலும் வேறு தெருவில் போய் நிற்பீர்கள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வீட்டில் நான் வாத்துப் பேச்சை எடுத்தாலே ஆளுக்கொரு வேலை முளைத்துவிடும். தம்பி மட்டும் உட்கார்ந்தான், ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். முன்னால் பறக்கும் வாத்தின் இறக்கை நுனி கிளப்பும் காற்று பின்னால் வருவதை எப்படித் தூக்கிவிடும் என்று கரண்டிகளை அடுக்கிக் காட்டினேன். இதையெல்லாம் எங்கிருந்து பிடிக்கிறாய் என்று கேட்டான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விடைகளோடு வரைவுத் தாளை அவனிடம் மட்டும் சரிபார்க்கக் கொடுத்தேன். யாருக்கும் காட்டமாட்டேன் என்றான்.

அதில் ஒரு தவறு இருந்தது. ஜோடியில் எத்தனை பறவை அடைகாக்கும் என்பது நான்காம் கேள்வி. ஆண் எப்போதும் கூட்டருகே நிற்பதைப் படங்களில் பார்த்துவிட்டு இரண்டு என்று எழுதியிருந்தேன். உண்மையில் பெட்டை மட்டும்தான் முட்டைமேல் உட்காரும், ஆண் காவல் நிற்கும். வெட்கப்பட்டுக் கேள்வியையே நீக்கிவிட்டு, இறகு உதிர்ந்து பறக்க முடியாமல் கிடக்கும் வாரங்களைப் பற்றி வேறொன்று வைத்தேன். விடை மாறியதால் இடமும் மாறியது. பெட்டியை பஸ் டிப்போவின் பின்சுவரிலிருந்து ஏரிப் பாலத்தடிக்குக் கொண்டுபோனேன். தம்பியிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புதிர் வெளியானது. பதினொன்றே காலுக்கு எனக்கு ஒரு தகவல் வந்தது, பெட்டி தேடப் போன யாரோ ஒருவர் அனுப்பியது. நான்கு பேர் டிப்போவின் பின்சுவரைத் தடவித் தடவிப் பார்த்தும் பெட்டி இல்லையாம், காவலாளி விரட்டிவிட்டாராம். கடைசி வரி: "ஜோடியில ரெண்டும் அடைகாக்கும், அதனால 2. சரியாத்தானே போட்டிருக்கோம்?"

வெளியான புதிரில் அடைகாப்பது பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

தம்பி வேலை பார்க்கும் டயர் கடைக்குப் போனேன். யாராவது ஊகித்திருப்பார்கள் என்றான். இல்லாத கேள்விக்கு யார் விடை ஊகிப்பார்கள் என்று கேட்டேன். கழிவுத் துணியில் வெகுநேரம் கை துடைத்தான். பிறகு சொன்னான்: முதலாளிக்கு இந்த விளையாட்டில் பைத்தியம், மேனேஜர் இடம் காலியாக இருக்கிறது, என் அக்காவும் புதிர் போடுகிறாள் என்று ரெண்டு மாதம் முன்பே அவரிடம் சொல்லியிருக்கிறான், இப்போது தாளையும் காட்டிவிட்டான்.

ரெண்டு மாதம். அவன் என்னோடு உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கும் முன்னால்.

"ஒரு டப்பாதானேக்கா. அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க."

"அஞ்சு வாரம் உக்காந்தியேடா. எதுக்கு உக்காந்த?"

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"சரிக்கா, அப்புறம் திட்டு. அந்தப் புதுக் கேள்விக்கு நம்பர் என்ன? முதலாளி ஆளுங்க இன்னும் டிப்போ வாசல்லதான் நிக்கிறாங்க."

கேட்டவருக்குச் சொல்லாமல் நான் இருந்ததே இல்லை. பறக்கும் இறகுகள் ஒன்றிரண்டாக விழாது, எல்லாம் ஒரே சமயத்தில் விழும் என்பது வரை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டை மடித்துக்கொண்டு சாலையில் இறங்கினேன்.