அனுப்ரியா பெயரில் ஆறு பேருக்கு

“என் பாஸ்போர்ட்டக் குடுத்துருங்க சார்.”

கேட்டேவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கணக்குப் பார்க்கும் நாச்சிமுத்து அவளை உட்காரவைத்துச் சொன்ன ஒரே புத்திமதி இதுதான். “லீவு கேளுங்க, இங்கிரிமெண்ட் கேளுங்க, மொதலாளி சத்தம் போட்டா நாலு வார்த்த திருப்பிக்கூடக் கேளுங்க. பாஸ்போர்ட்ட மட்டும் கேட்றாதீங்க அம்மணி. கேட்டா வேற கம்பெனிக்குத் தாவறீங்கன்னு அர்த்தமாயிருமுங்க.” விசா எடுக்கத் தோதாக இருக்கும் என்று சொல்லி வாங்கி லாக்கரில் வைத்த பாஸ்போர்ட். மூன்று வருடமாக அது அங்கேதான் இருந்தது. அதை எடுக்க ஒரு விசாவும் வரவில்லை, இந்த வருடம் வரைக்கும்.

முதலாளி மகுடேஸ்வரனின் முகம் மாறவில்லை. நெற்றியில் காலையில் இட்ட திருநீறு கலையாமல் இருந்தது. மேஜையில் சாம்பிள் டி-ஷர்ட்டுகள் அடுக்காக மடித்திருக்க, அவற்றின் மேல் ரப்பர் பேண்ட் போட்டு நான்கு நீலப் பாஸ்போர்ட்டுகள். காலையில்தான் விசா முத்திரையோடு சென்னையிலிருந்து கூரியரில் வந்தன. மேலிருந்து மூன்றாவது அவளுடையது. ஓரம் நசுங்கியிருந்ததை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள்.

“எதுக்குங் கண்ணு? இங்கிருந்தா பத்திரமாத்தான இருக்கும்” என்றார். “அது கெடக்குது. பார்சிலோனா ஓட்டல்காரங்கிட்டப் பேசிட்டீங்களா? நாளன்னிக்கு வெடியால நாங்க ஏர்போர்ட்டுல இருப்போம். டேபிளக் கன்பார்ம் பண்ணிப்போடுங்க.”

திட்டுகிற முதலாளியாக இருந்தால் சண்டை போடலாம். கண்ணு என்கிறவரிடம் எதைப் போடுவது? இந்தப் பனியன் ஊருக்கு வந்தபோது அவள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். விருதுநகர்ப் பக்கமிருந்து அப்பாவும் அம்மாவும் இரண்டு மூட்டையோடு பஸ் ஏறினார்கள். அங்கே வெடுக்கென்று பேசிப் பழகிய காதுக்கு இந்த ‘ங்க’ முதலில் சர்க்கரையாகத்தான் இருந்தது. பிறகுதான் புரிந்தது. இங்கே யாரும் முடியாது என்று சொல்வதில்லை. பாத்துக்கலாமுங்க என்பார்கள். அந்தப் பாத்துக்கலாமுக்கு உள்ளே போனவர்கள் திரும்பி வருவதில்லை.

அவளுடைய வேலையின் பெயர் மெர்ச்சண்டைசர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், டெக்ஸ்டைல் படித்தவள். ஆர்டர் வாங்குவது, சாம்பிள் அனுப்புவது, ஆர்டர் கொடுக்கும் ஸ்பெயின்காரி மார்த்தாவுக்கு மெயில் எழுதுவது எல்லாம் அவள்தான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை மகுடேஸ்வரன் வெளிநாடு போகும்போது அவளுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும்: நல்ல இந்தியச் சாப்பாட்டுக் கடை கண்டுபிடிப்பது. “ஐகிளாசா இருக்கோணுங் கண்ணு. அந்தம்மா நம்மளப் பனியன்காரனுகன்னு நெனச்சரக் கூடாது.” உண்மையில் அவருக்கு அங்கத்துச் சாப்பாடு இறங்காது. பச்சை இலையைத் தட்டில் பார்த்தாலே ஆட்டுக்கு வைத்ததை எனக்கு வைத்துவிட்டான் என்பார்.

பார்சிலோனாவில் இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமில்லை. நல்ல கடைக்குத்தான் பஞ்சம். அவளும் முதல் வருடம் நட்சத்திரங்களை நம்பித்தான் ஏமாந்தாள். ஐந்து நட்சத்திரம் வாங்கிய கடையில் பன்னீருக்குப் பதில் ஏதோ ஒரு சீஸைப் போட்டுக் கொடுத்தான் என்று மகுடேஸ்வரன் வந்து ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு அவளுக்குத் தெரிந்த வழியில் தேடினாள். சாப்பிட்டவர்கள் போட்ட போட்டோக்களைப் பெரிதாக்கி, சாப்பாட்டை விட்டுவிட்டு மேஜைத் துணியைப் பார்த்தாள். நாப்கின் மடிப்பு நிற்கிறதா, வழுக்கி விழுகிறதா. பாலியஸ்டர் என்றால் அந்தக் கடை வேண்டாம். துணியில் மிச்சம் பிடிக்கிறவன் நெய்யிலும் பிடிப்பான். வாசலில் யானை, சுவரில் தாஜ்மகால், இரண்டும் இருந்தால் உள்ளே போகவே வேண்டாம். கடைசியில் ஒன்று அகப்பட்டது. கனத்த காட்டன் விரிப்பு, ஓரம் கையால் மடித்துத் தைத்தது, மெனு ஒரே பக்கம். துணியைப் பார்த்துக் கடை பிடித்தேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடம் மகுடேஸ்வரன் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாராம்.

கம்ப்யூட்டர் மேப்பில் அந்தத் தெருவுக்குள் எத்தனையோ மதியம் நடந்திருக்கிறாள். முனை சீவிய கட்டடங்கள், மூலையில் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடை, அதை ஒட்டி அந்தக் கடையின் மரக்கதவு. இந்தப் பக்கம் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறு ஆறிக்கிடக்கும். கீழே கட்டிங் ஹாலில் மெஷின் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் அப்பா பெருமாள்சாமி நிற்பார், வெட்டுக்கத்தி படாமலிருக்கக் கையில் மாட்டிய இரும்புச் சங்கிலிக் கையுறையோடு.

டேபிள் அவள் பெயரில்தான் போடப்படும். கடை மேனேஜர் ஹர்ஜீத்துக்கு மகுடேஸ்வரன் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டு, மேடம், உங்கள் பெயரே சுலபம் என்றார். அந்தக் கடைக்கு முதல் தடவை போய்வந்த மகுடேஸ்வரன் போட்டோ காட்டினார். வெள்ளை விரிப்பு, வெள்ளித் தண்ணீர் ஜக்கு, நடுவில் சின்ன அட்டையில் Anupriya. அதற்குப் பின்னால் முதலாளியும் அவர் மனைவி சாரதாமணியும். “உங்க பேரச் சொல்லித்தாங் கண்ணு நாங்க சாப்புட்டோம்.” எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

இந்த வருடம் மார்த்தா அழைப்புக் கடிதத்தில் அவள் பெயரையும் சேர்த்திருந்தாள். புது டிசைன்களைப் பற்றி நேரில் பேச வேண்டும், அனுப்ரியா கட்டாயம் வரட்டும். விசாவும் வந்துவிட்டது. அம்மா ராமாயி மட்டும் முதலிலிருந்தே நம்பவில்லை. “நீயா எதையும் கேட்ராத. அவுகளாக் கூப்புட்டா போ. குடியிருக்கது அவுக வீடுன்னு நெனப்பு இருக்கட்டும்.” நெருப்பெரிச்சலில் கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அது. அம்மா அதை ஒருநாளும் நம் வீடு என்று சொன்னதில்லை.

போன வாரம் மகுடேஸ்வரன் கட்டிங் ஹாலுக்கு வந்தார். முப்பது பேர் பார்க்க அப்பாவின் தோளில் கை வைத்தார். “ஏம்ப்பா பெருமாளு, புள்ளைய அத்தன தொலைவு அனுப்பறதுல உனக்கொண்ணும் சங்கடமில்லியே? நாலு பேரு நாலு பேசுவாங்க.”

அப்பா கையுறையைக் கழற்றினார். “நீங்க பாத்துச் செஞ்சாச் சரிதாம் மொதலாளி.”

“அப்ப வேண்டாங்கற. சரி, உம்பட இஷ்டம்.”

அவ்வளவுதான். அவளுடைய இடம், அவளோடு சேர்த்தே விசாவுக்கு எழுதிப்போட்டிருந்த சாரதாமணியின் தம்பி முருகேஷுக்கு மாறியது. காட்டன் எது, விஸ்கோஸ் எது என்று தொட்டுச் சொல்லத் தெரியாத முருகேஷ். அன்றிரவு அப்பா சாப்பிடும்போது தலை நிமிரவே இல்லை. “நான் வேண்டாம்னு சொல்லல தாயி” என்றார். அது அவளுக்கும் தெரியும். சரி என்றும் அவர் சொல்லவில்லையே.

இன்று காலை மார்த்தாவின் மெயில். உன் தந்தை உன்னைப் பயணம் செய்ய அனுமதிக்கவில்லை என்று மிஸ்டர் மகுடேஸ்வரன் சொன்னார், மிகவும் வருத்தம், நான் வேண்டுமானால் அவரிடம் பேசட்டுமா? அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பூட்டியது முதலாளி, ஆனால் சாவி அப்பா இடுப்பில் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

“என்னங் கண்ணு யோசன? போனப் போடுங்க, கட தொறந்திருப்பான்” என்றார் மகுடேஸ்வரன். “சாரதாமணியக்காளுக்கு அன்னைக்குக் கிருத்திக வெரதம். வெங்காயம் பூண்டு இல்லாம, தனிச் சட்டில. அதையும் சொல்லிப்போடுங்க.”

அவர் முன்னாலேயே போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஹர்ஜீத்தின் குரல் உற்சாகமாக வந்தது. அனுப்ரியா மேடம், இந்தத் தடவையாவது நீங்கள் வருகிறீர்களா? இல்லை என்றாள். வெங்காயம், பூண்டு, தனிச் சட்டி எல்லாம் சொன்னாள். மார்த்தாவின் ஆட்களோடு சேர்த்து ஆறு பேர், ஜன்னல் ஓரம், முதலாளிக்குக் கொஞ்சம் வெள்ளைச் சோறு கூடுதலாக. ஒன்றையும் விடவில்லை. பிறகு, பெயரை மாற்ற வேண்டும் என்றாள். எழுதிக்கொள்ளுங்கள். எம், ஏ, ஜி, யு, டி. மறுமுனையில் பேனா தேடும் சத்தம். மீதி எழுத்துகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். அட்டையில் இடம் போதாதே மேடம் என்றார் ஹர்ஜீத். இரண்டு வரியில் எழுதுங்கள் என்று வைத்துவிட்டாள்.

மகுடேஸ்வரனுக்கு முதன்முதலாக நெற்றி சுருங்கியது. “பேர எதுக்குங் கண்ணு மாத்துனீங்க? உங்க பேரு ராசியாத்தான இருந்துச்சு.”

“வராதவ பேரு எதுக்கு சார் அங்க.”

கை நீட்டி ரப்பர் பேண்டை உருவினாள். மேலிருந்து மூன்றாவதை எடுத்துக்கொண்டாள். மற்ற மூன்றையும் ஓரம் தட்டி நேராக்கி, மறுபடி ரப்பர் பேண்ட் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அவர் தடுக்கவில்லை. குரல் இன்னும் மெத்தென்று ஆனது. “அப்பங்கிட்டக் கேட்டுட்டீங்களா?”

“நீங்கதான் கேட்டுட்டீங்களே சார்.”

“அந்த ஊடு கம்பெனி ஊடுங் கண்ணு. அத நாஞ் சொல்லோணும்னு இல்ல.”

“தெரியுமுங்க” என்றாள். அவர் ‘ங்க’வை அவருக்கே திருப்பிக் கொடுத்ததுபோல இருந்தது.

தெரிந்துதான், ஞாயிற்றுக்கிழமையே அருள்புரத்தில் ஓர் அறை பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஒரே ஜன்னல், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், பின்னால் யாரோ ஒருவருடைய நிட்டிங் மெஷின். மூன்று பேர் படுக்கலாம், நெருக்கிப் படுத்தால். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. காலையில் டிபன் பாக்ஸை வைக்கும்போதே கத்தரிக்கோலையும் இஞ்ச் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டாள். அவளுடைய மேஜையில் அவளுடையதாக எதுவும் பாக்கியில்லை.

வெளியே போகிற வழி கட்டிங் ஹாலுக்குள்தான். நாச்சிமுத்து எழுந்து நின்றார், அவள் கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். மஞ்சள் துணி அடுக்கடுக்காக விரித்திருந்த நீள மேஜையின் கடைசியில் அப்பா கழுத்து வளைவு வெட்டிக்கொண்டிருந்தார். அவள் நிற்கவில்லை. கதவருகே போனபோது பின்னால் அந்த ஒரு மெஷினின் இரைச்சல் மட்டும் நின்றது. திரும்பிப் பார்த்தாள். அப்பா சங்கிலிக் கையுறை போட்ட கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கியிருந்தார். நில் என்கிறாரா, போ என்கிறாரா, அந்தத் தூரத்தில் தெரியவில்லை. குழல் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கை மட்டும் மின்னியது. அவள் வெயிலில் இறங்கி நடந்தாள்.