ரெண்டு முழம் மல்லி

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு லாட்ஜ். அதன் வைஃபை பாதுகாப்பாக இருக்கிறதா என்று சோதிக்க லேப்டாப்பைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கம்பக்கத்துப் போன்கள் தேடுகிற நெட்வொர்க் பெயர்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று: ரெண்டு முழம் மல்லி.

அது எங்கள் வீட்டு வைஃபை. கல்யாணமான முதல் வாரமே பூ வாங்கி வரவில்லை என்று நான் சண்டை போட, என் புருஷன் ஜெபராஜ் கேலியாக வைத்த பெயர். அதில் இணைந்தவை எங்கள் இருவர் போன்கள் மட்டும்தான். என் போனில் வைஃபையை அணைத்து வைத்திருந்தேன்.

பெரிய கெட்டிக்காரி மாதிரி, அந்தப் பெயர் அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தவள் நான். அப்படி மறைத்தால் போன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அதற்குள் அவர் பாலக்கரை வீட்டை விட்டுப் போய்விட்டார்.

"மாடியில யாருங்க இருக்கா?" என்று மேனேஜர் ஸ்ரீதரிடம் கேட்டேன்.

"முசிறியிலேருந்து ஏசி மாட்ட ஒருத்தர் வந்திருக்காருங்க மேடம். ஏதாவது பிரச்சினையா?"

முசிறி என் மாமியார் ஊர். ஏசி மாட்டுவதுதான் ஜெபராஜ் தொழில். மேலே சுவரில் டிரில் ஓடும் சத்தம் கேட்டது.

"ஒரு போன் ஏமாறுதான்னு பார்க்கணும்" என்றேன்.

பொய்யில்லை, சோதனையில் அதுவும் உண்டு. அதே பெயர், அதே பாஸ்வேர்டு கொடுத்து என் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ரோஷம், அவருக்கு என்னைவிட ரோஷம். தினமும் சாயங்காலம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன்.

அவர் போன் வந்து ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் டிரில் நின்றது.

பெயரைப் பார்த்துவிட்டார். மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தால் திட்டக்கூடாது என்று நினைத்தேன். அப்புறம், கொஞ்சம் திட்டலாம் என்று மாற்றிக்கொண்டேன்.

மூன்று நிமிடம் கழித்து இணைப்பு அறுந்தது. ஹாட்ஸ்பாட்டை அணைக்காமல் காத்திருந்தேன். மற்ற பெயர்கள் எல்லாம் ஓடின. அது மட்டும் திரும்ப வரவில்லை. தன் போனிலிருந்தே அழித்துவிட்டார்.

மேலே மறுபடி டிரில் ஓடத் தொடங்கியது.

"அந்த போன் என்னங்க மேடம் ஆச்சு?" என்றார் ஸ்ரீதர்.

"சரியாயிடுச்சுங்க. இனிமே அதை யாரும் ஏமாத்த முடியாது."