டேப்பின் கடைசிப் பத்து நிமிடம்

வீடியோ டெக்குகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் இருந்த கிழட்டு டெக் மட்டும் டேப்பைத் தின்னும். அதன் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள் உர்மிளா. சூடு ஏறினால் உடனே நிறுத்த வேண்டும்.

லவுத்தோக்கா என்ற அந்தத் தீவு ஊரின் கடைத்தெருப் பின்சந்தில் இருந்தது ஷைலேந்திராவின் வீடியோ கடை. ஒரு வாரத்துத் தமிழ் சீரியல் மொத்தமும் ஒரே டேப்பில் சிட்னியிலிருந்து வரும். உர்மிளா முதலில் ஒரு பிரதி எடுப்பாள். எடுக்கும்போதே பார்த்துவிடுவாள். அதன் கடைசியில் பத்து நிமிடம் வெற்று டேப் மிச்சமிருக்கும். அங்கேதான் அவள் ராஜ்ஜியம். கேமரா முன்னால் உட்கார்ந்து, அந்த வாரச் சீரியலையும் புதிதாக வந்த பாட்டு கேசட்டுகளையும் பிடிபிடியென்று பிடிப்பாள். பிறகு அந்தப் பிரதியிலிருந்துதான் வாடகைக்குப் போகும் டேப்புகள் தயாராகும்.

பாதி தமிழ், பாதி ஊர் இந்தியில் பேசுவாள். பெரியவர்களுக்குத் தமிழ் புரியும், பிள்ளைகளுக்குப் புரியாது. உர்மிளா பேசிய பிறகுதான் யார் யாருக்குப் பெண்டாட்டி என்றே பிள்ளைகளுக்குப் பிடிபடும். பல வீடுகளில் அவள் பேச்சை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சீரியலுக்கு வருவார்கள்.

சனிக்கிழமை கதவு திறந்ததுமே தையல் ஃபேக்டரி ரஞ்சீதா உள்ளே நுழைந்தாள்.

"தீதி, இந்த வாரம் யாரக் கிழிச்சே?"

"பாட்டுக்காரனத்தான். மேளக்காரன் சோறு திங்கப் போயிட்டான்போல, மிஷின் தட்டுது. பாடுறவன் காய்ச்சல்ல முனகுறான். அந்தக் காசுக்கு மீன் வாங்கித் தின்னு."

"சீரியலு?"

"அத எடுத்துட்டுப் போ. திட்டுறதுக்காச்சும் பாக்க வேணாமா?"

உர்மிளாவின் புருஷன் நாகையா கரும்பு போட்டிருந்த நிலத்தின் குத்தகை போன வருஷம் முடிந்தது. தீவின் பூர்வகுடிகளான நிலத்துக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த டெக்குகளால்தான்.

மே மாதம் தலைநகர் சுவாவில், இந்திய வம்சாவளியினர் ஆளக்கூடாது என்று துப்பாக்கிக்காரர்கள் பார்லிமென்ட்டுக்குள் புகுந்தார்கள். இந்திய வம்சாவளிப் பிரதமரையும் மந்திரிகளையும் பிணையாகப் பிடித்துவைத்தார்கள். பொழுது சாய்ந்தால் லவுத்தோக்காவிலும் ஜனங்கள் வெளியே தலைகாட்டவில்லை. வீடியோ கடை அலமாரியில் ஒரு டேப் தங்கவில்லை.

அந்த வாரம் சீரியலில் ஓர் அடாவடி மைத்துனன் துப்பாக்கியோடு வீட்டுக்குள் வந்து, நடுக்கூடத்து நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தான். வீட்டுக்காரி அவனுக்குக் காபி கொண்டுவந்தாள். உர்மிளாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. கேமராவைப் போட்டாள்.

"துப்பாக்கி வச்சிருக்கிறவனுக்குக் காபியாம்! சக்கரை போதுமான்னு வேற கேக்குறா. இத எழுதினவன இங்க வரச் சொல்லு. எங்க பாட்டன் பூட்டன் கரும்பு வெட்டின ஊர்ல, நீ விருந்தாளி, மூட்டையக் கட்டுங்கிறான் ஒருத்தன். அவனுக்கும் காபி போடணுமா? போடுறேன். கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூஞ்சில ஊத்துறேன்!"

ஜனங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் தெருவில் அவளைப்போலவே கையை ஆட்டிப் பேசிக் காட்டினார்கள். புதன்கிழமை ஒரு கான்ஸ்டபிள் வந்தார். கையில் அந்த டேப்.

"இதுல பேசுறது யாரு? யாரோ ஸ்டேஷன்ல கொண்டாந்து குடுத்திருக்காங்க."

ஷைலேந்திரா எழுந்து நின்றான். ஆஸ்திரேலியா விசாவுக்கு எல்லாம் தயார். போலீஸ் சர்டிபிகேட் ஒன்றுதான் பாக்கி.

"கடை பெருக்குறவ சார். எனக்குத் தெரியாம கேமராவ எடுத்திருக்கா."

கான்ஸ்டபிள் உர்மிளாவைப் பார்த்துச் சிரித்தார். "பெருக்குறவளா? எங்க குவார்ட்டர்ஸ்ல பாதி வீட்டுல இந்தம்மாதானே பேசுது! சரி, அந்தப் பேச்ச அழிச்சிடுங்க. அழிச்சாச்சுன்னு சொல்லிடுறேன். இனிமே சீரியலோட நிறுத்திக்கோம்மா."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

"நான் பெருக்குறவளா?" உர்மிளாவின் குரல் சந்துவரை கேட்டது.

"கத்தாதே. சர்டிபிகேட் வரலேன்னா என் புள்ளைங்க இங்கயே கெடந்து சாவணும்."

"என் புள்ளைங்க எங்க கெடக்குறாங்க?"

ஷைலேந்திரா கல்லாப்பெட்டியைப் பார்த்துப் பேசினான். "எல்லா டேப்பையும் திருப்பி வாங்குறேன். உன் பேச்சு பழசு, புதுசு, ஒண்ணு விடாம அழி. கடைய வேற ஆளு எடுக்குறான், அவனுக்கு வம்பு வேணாமாம். முடிச்சிட்டு வீட்டுக்குப் போ. அப்புறம் வராத."

"அந்த ஒண்ண அழிச்சாப் போதும்னுதானே அவரு சொன்னாரு!"

"அழிக்கிறியா, இல்ல ஸ்டேஷன்ல போயி உன் பேரையும் நாகையா பேரையும் எழுதிக் குடுக்கவா?"

அழித்தாள். டேப்பை முன்னுக்கு ஓட்டி, சீரியல் முடியும் இடத்தில் நிறுத்தி, கேமராவையோ வேறு டெக்கையோ இணைக்காமல் ரெக்கார்டை அழுத்தினால், அவள் முகம் போய்த் திரை நீலமாகும். இரண்டு நாள் அதே வேலை. விரல்நுனி மரத்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை பின்னறைக்குப் போனபோது, தான் முகம் காட்டிய முதல் பிரதிகள் இருந்த தட்டு காலியாகக் கிடந்தது. கீழே ஓர் அட்டைப்பெட்டி. திறந்தாள். எல்லாம் அதற்குள் இருந்தன. இடுக்குகளில் டவல் செருகியிருந்தது.

"இத ஏன் அழிக்கல?"

ஷைலேந்திரா பின்னாலேயே வந்திருந்தான். "அத விடு. அது சிட்னிக்கு."

"அங்க எதுக்கு?"

"கடை போடப் போறேன். நம்ம ஜனங்க அங்க ரொம்ப இருக்காங்க. அவங்க புள்ளைங்களுக்கும் தமிழ் வராது. உன் பேச்சு இல்லாட்டி எவன் இத எடுப்பான்?" பாராட்டுகிற மாதிரி சொன்னான்.

"ஓஹோ. என் வாய் பிளேன்ல போவும். நான் போவக்கூடாது. இங்கயும் பேசக்கூடாது."

"நான் என்ன பண்ணட்டும்? உனக்கு விசாவா இருக்கு?"

உர்மிளா ஒரு டேப்பை எடுத்தாள். அதன் முன்மூடியைத் தூக்கி உள்ளே விரலைவிட்டு இழுத்தாள். கறுப்பு ரிப்பன் சரசரவென்று முழங்கைவரை வந்தது. அடுத்ததை எடுக்குமுன் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். வலியில் டேப் கீழே விழுந்தது.

"பைத்தியமா உனக்கு? நல்ல டேப்பு!"

பெட்டியை நெஞ்சோடு தூக்கிக்கொண்டான். "முன்னாடி இருக்கிறத முடிச்சிட்டுப் போ. நாகையாவ நெனச்சுக்கோ."

டெக்குகளில் கடைசி டேப்புகள் நின்றன. வரிசையாக எல்லாத் திரையிலும் அவள் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். ஒலியை அவளே குறைத்துவைத்திருந்தாள். சிவந்து வீங்கிய கையால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒரு முகம் போயிற்று. இன்னொரு முகம். கதவுக்கு வெளியே, வேனின் முன்சீட்டில் பெட்டியை உட்காரவைத்து, அதற்கு சீட் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான் ஷைலேந்திரா.