மிஸ் ஐடெல்லா பார்த்துவைத்த பெட்டி

மேக்கன் நகரில் எங்கள் தெருவில் கடை வைத்திருந்த மற்றவர்களை எப்படி ஆதரிப்பது என்பதில் குழப்பம் இல்லை. முடிவெட்டுபவரிடம் போய் முடி வெட்டிக்கொள்ளலாம், மீன் கடைக்குப் போய்ப் பொரித்த மீன் தின்னலாம். வெர்லீன் டூக்ஸ் விஷயத்தில்தான் எல்லோரும் திணறினார்கள். அவள் நடத்தியது இறுதிச்சடங்கு நிலையம். அங்கே வாடிக்கையாளர் ஆவதற்கு முதலில் வீட்டில் ஒருவர் சாக வேண்டும்.

நான் அப்போது சபையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தேன். வெர்லீனிடம் வரும் சாவுகளுக்கும் நான்தான் வாசிப்பேன். அதனால் நடந்தவற்றில் பாதியை நேரில் பார்த்தேன், மீதியை வெர்லீன் சொல்லிக் கேட்டேன்.

அந்தப் பிப்ரவரியில் பெர்சி லம்ப்கின் 'நம் காசு நம் கையில்' என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார். பெர்சி இன்சூரன்ஸ் முகவர், எங்கள் சபையின் டீக்கன், மைக் கிடைத்தால் கீழே வைக்காதவர். கருப்பர்கள் கருப்பர்களின் கடைகளில்தான் வாங்க வேண்டும், நம் தெருவை விட்டுப் போகும் டாலர் திரும்பி வருவதில்லை என்பது அவர் பேச்சு. பேச்சில் தப்பு ஒன்றும் இல்லை. அது உண்மையாக இருந்ததுதான் பின்னால் அவருக்கே தொந்தரவாகிவிட்டது.

ஒவ்வொரு கடைக் கண்ணாடியிலும் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் அடித்திருந்தார். பச்சைப் பின்னணியில் ஒரு கருப்பு முஷ்டி, அந்த முஷ்டியில் ஒரு கடைப் பை.

"எனக்கு எதுக்கு பிரதர் இது?" என்றாள் வெர்லீன். "இதப் பாத்துட்டு யாராச்சும் ஆசப்பட்டு சாகப் போறாங்களா?"

"அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர். உங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தத் தெருவுல இருக்கீங்க. இந்த இயக்கத்துக்கே நீங்கதான் தூண்."

"தூணா இருந்துட்டுப் போறேன். வாசல்ல மட்டும் ஒட்டாதீங்க. துக்கத்தோட வர்றவங்கள முகத்துல குத்த வர்ற மாதிரி இருக்கு."

பெர்சி ஒட்டிவிட்டுத்தான் போனார்.

உள்ளூர்ப் பத்திரிகை இயக்கத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியதும் நகரின் வடக்குப் பகுதியிலிருந்து வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்கள் ஏதோ வாசகர் வட்டத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள். வெர்லீன் தன் துக்கக் குரலில், "உங்க இழப்புக்கு வருந்தறேன்" என்று வரவேற்றாள்.

"ஐயோ, எங்களுக்கு இழப்பு ஒண்ணும் இல்லீங்க" என்றாள் ஒருத்தி. "உங்கள ஆதரிக்க வந்தோம். இங்க என்ன வாங்கலாம்?"

வெர்லீன் சுற்றுமுற்றும் பார்த்தாள். பெட்டிகள் இருந்தன, நாற்காலிகள் இருந்தன, கண் துடைக்கும் காகிதங்கள் இருந்தன. கடைசியில், துக்கத்துக்கு வருபவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் அட்டை விசிறிகளை எடுத்து நீட்டினாள். அவர்கள் இலவசமாக வாங்கிக்கொள்ள ஒப்பவே இல்லை. காசைத் திணித்துவிட்டு, பெட்டி ஒன்றின் பக்கத்தில் நின்று சிரித்தபடி படமும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒருவர் மனைவியின் பிறந்தநாளுக்கு அன்பளிப்புச் சீட்டு கிடைக்குமா என்று கேட்டார். "இங்கேர்ந்து ஒரு சீட்டக் கொண்டுபோய் அவங்க கையில குடுத்தீங்கன்னா, அடுத்தது போலீஸ் வந்து என்னத்தான் விசாரிக்கும்" என்று வெர்லீன் அவரை அனுப்பிவைத்தாள். இணையத்தில் அவள் நிலையத்துக்கு ஐந்து நட்சத்திரங்கள் குவிந்தன. 'அருமையான, அமைதியான இடம். அன்பாகக் கவனிக்கிறார்கள். நாங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை. நண்பர்களுக்குப் பரிந்துரைக்கிறோம்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

எங்கள் ஆட்களும் வந்தார்கள். அவர்களுக்கு நிஜமாகவே சாவு விழுந்திருந்தது. ஆனால் அவர்கள் ஆதரவு வேறு மாதிரி.

"நம்மாளுதானே சிஸ்டர், கொஞ்சம் பாத்துக் கொறச்சுப் போடுங்க."

"பைபாஸ் ரோட்டுல இருக்கறவங்ககிட்ட இப்படிக் கேப்பீங்களா?"

"அங்க எப்படிக் கேக்கறது? அது கம்பெனியாச்சே."

பைபாஸ் சாலையில் இருந்தது மாநிலம் மாநிலமாகக் கிளை வைத்திருந்த ஒரு பெரிய நிறுவனத்தின் நிலையம். கூடத்தின் நடுவே செயற்கை அருவி ஒன்று வைத்திருந்ததால் நாங்கள் அவர்களை அருவிக்காரர்கள் என்போம். எங்கள் ஆட்களும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போகத் தொடங்கியிருந்தார்கள். அழுதுகொண்டே அருவியைப் பார்ப்பதில் ஒரு கௌரவம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் வெர்லீனின் கூடத்தில் ஆர்கனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெர்சியின் அம்மா மிஸ் ஐடெல்லா ஊன்றுகோலோடு உள்ளே வந்தார். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் வேலை செய்து, இரண்டு கணவர்களை அடக்கம் செய்தவர். இரண்டு பேரும் இந்த வாசல் வழியாகத்தான் போனார்கள்.

"பெட்டி காட்டு" என்றார்.

"யாருக்கு மிஸ் ஐடெல்லா?"

"எனக்குத்தான். ஊருக்கெல்லாம் நானா பெட்டி வாங்கித் தரப்போறேன்?"

வெர்லீன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

"காலைல ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. 'வீட்டுப் பெரியம்மாவோட பெட்டிக்கு உள்துணி ரோஸ் கலர்ல வேணுமா, சந்தனக் கலர்ல வேணுமா'ன்னு கேட்டுச்சு. எந்தப் பெரியம்மான்னு கேட்டேன். மிஸஸ் ஐடெல்லா லம்ப்கின்னுச்சு. அவ இப்ப உன்கிட்டதான்டி பேசிட்டிருக்கான்னேன். பட்டுனு போன வச்சிடுச்சு. பாவம், அதுக்கும் வேர்த்திருக்கும்."

"எங்கேர்ந்து பேசினாங்க?"

"அருவிக்காரங்கதான். என் மவன் எனக்கு அங்க இடம் பிடிச்சு வச்சிருக்கான். ஊரக் கூட்டி முஷ்டி ஒட்டறானே, அதே மவன்தான்."

வெர்லீனின் முகம் சிறுத்துப்போனதை நான் பார்த்தேன். பெர்சியின் ஸ்டிக்கர் அவள் கண்ணாடியில் இடவலம் மாறி வெயிலில் தெரிந்துகொண்டிருந்தது.

"எங்கப்பா செத்தப்போ" என்றார் ஐடெல்லா, "டவுன்ல சாவு நிலையம் வச்சிருந்த வெள்ளக்காரங்க ஒருத்தரும் அவர உள்ள எடுக்கல. பின்வாசலக் கூடத் திறக்கல. உன் தாத்தாதான் லாரி எடுத்துட்டு வந்தாரு. நல்ல சட்ட இல்லன்னு தன் சட்டையப் போட்டு அனுப்பினாரு. இது என் மவனுக்குத் தெரியும். ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன். போகட்டும். இந்தப் பெட்டி என்ன மரம்?"

"செர்ரி."

"மூடி கனமா இருக்கு. பூவெல்லாம் யாரு தருவா? கிளோவிஸ் பையன்தானே?"

கிளோவிஸ் பிவின்ஸ் பக்கத்துத் தெருவில் பூக்கடை வைத்திருந்தான். அவன் கண்ணாடியிலும் முஷ்டி இருந்தது. வெர்லீன் ஒரு பூந்தொட்டியை நகர்த்தி வைத்தாள். தேவையில்லாத வேலை.

"மொத்தக் கடையில வாங்கறேன்" என்றாள் கடைசியில். "அட்லாண்டாலேர்ந்து வண்டி வரும்."

"யாரு கட அது?"

"நம்மாளு இல்ல."

"ஏன்டி?"

"கிளோவிஸ் நேரத்துக்கு வரமாட்டான் மிஸ் ஐடெல்லா. சடங்கு அவனுக்காகக் காத்திருக்காது."

"அப்ப என் மவனுக்கு அருவி. உனக்கு அட்லாண்டா" என்று சொல்லி ஐடெல்லா எழுந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்டிக்கரு."

மாதத்தின் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து சபையின் கீழ்த்தளக் கூடத்தில் இயக்கத்தின் நிறைவு விழா நடந்தது. பொரித்த கோழியும் கீரையும் சோளரொட்டியும் மேசையில் இருந்தன. வடக்குப் பகுதி வாசகர் வட்டப் பெண்களும் விசிறிகளோடு வந்திருந்தார்கள். பெர்சி மைக்கைப் பிடித்து, நம் டாலர் நம் கையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கூட்டத்தைக் கேட்டார். பதிலை அவரே சொல்வதற்குள் ஐடெல்லா எழுந்து நின்றார்.

"எனக்கு ஒரு சந்தேகம் பெர்சி."

"அம்மா, கடைசில கேள்வி நேரம் இருக்கு."

"என் கடைசியப் பத்தித்தான் கேக்கறேன். நான் செத்தா என்ன எங்கேர்ந்து எடுக்கப் போற?"

பெர்சி மைக்கை மூடிக்கொண்டு, "அம்மா, இத வீட்ல பேசலாம்" என்றார். மூடியும் அது எல்லோருக்கும் கேட்டது.

"வீட்டுக்குத்தான் போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

பெர்சிக்குப் புரிந்துவிட்டது. ஒரு நிமிடம் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் கோழியைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்குப் பெருசா செய்யணும்னு ஆசப்பட்டேன். மேயர் வருவாரு. வியாபாரிங்க சேம்பர்லேர்ந்து வருவாங்க. வெர்லீன்கிட்ட கார் நிறுத்த இடமில்ல."

"நான் காரா ஓட்டிட்டு வரப்போறேன்?"

பின்வரிசையிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. முடிவெட்டும் கடைக்காரர் மேசையைத் தட்டினார். வெர்லீன் மெதுவாகக் கை தட்டத் தொடங்கினாள்.

"வெர்லீன், நீ தட்டாத" என்றார் ஐடெல்லா திரும்பாமலே. "உன் பூ எங்கேர்ந்து வருதுன்னு நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்."

வெர்லீன் கையைக் கீழே இறக்கினாள். பிறகு எழுந்து நின்றாள். அவள் பேசியது துக்கக் குரலிலும் இல்லை, வியாபாரக் குரலிலும் இல்லை.

"கிளோவிஸ். வர்ற வாரத்துலேர்ந்து எனக்குப் பூ நீ குடு."

வாயில் சோளரொட்டியோடு கிளோவிஸ் நிமிர்ந்தான். "எத்தன மணிக்கு சிஸ்டர்?"

"காலைல எட்டு."

"எட்டுன்னா எட்டேவா?"

அதற்குப் பிறகு யாராலும் கூட்டம் நடத்த முடியவில்லை. பெர்சியும் சிரித்துவிட்டார். வாசகர் வட்டப் பெண்கள் மட்டும் இது சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் வந்ததும் வடக்குப் பகுதிக்காரர்கள் வருவது நின்றது. ஆதரிக்க வேறு ஏதோ கிடைத்திருக்கும். பத்திரிகையும் எங்களை மறந்தது.

கிளோவிஸ் முதல் நாளே தாமதித்தான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் அடக்கம். சவ ஊர்தி கிளம்பித் தெரு முனை திரும்பியபோது அவன் வேன் எதிரே வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஊர்வலத்தின் பின்னால் சேர்ந்துகொண்டு, கல்லறை வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். தபால்காரரின் குடும்பம் அதை ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டது. வெர்லீன் நினைக்கவில்லை. மறுநாள் அவன் கடைக்கு நேரே போனாள்.

"நான் அட்லாண்டாவையே கூப்பிட்டுக்கறேன்" என்றாள்.

"கூப்பிடுங்க சிஸ்டர். ஆனா ஒண்ணு கேளுங்க. பூவ முதல் நாளே வாங்கி வைக்க எனக்குக் குளிர் அறை கிடையாது. விடியக்காலைல போய் வாங்கிட்டு வந்து கட்டறேன். குளிர் அறை போட பேங்க்ல கடன் கேட்டா, நிலையான ஆர்டர் இருக்கான்னு கேக்கறான். நிலையா ஆர்டர் தர்றவங்க, குளிர் அறை இருக்கான்னு கேக்கறாங்க. நான் எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"

வெர்லீன் வாளிகளில் இருந்த ரோஜாக்களைப் பார்த்தாள். திட்டுவதற்கு என்று தயாரித்து வந்த எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

"என்கிட்ட குளிர் அறை இருக்கு" என்றாள். "பாதி காலியாத்தான் கிடக்கு."

"மீதி பாதியில?"

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கிளோவிஸ் பல மாதங்கள் அந்த அறைக்குள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உரக்கத் துதிப்பாடல் பாடிக்கொண்டேதான் போய்வந்தான். பூ நேரத்துக்கு வந்தது. அந்த ஜூன் மாதம் மேக்கனில் கல்யாணம் செய்துகொண்ட சில பெண்களின் பூங்கொத்தும் அங்கேதான் இரவு தங்கியிருந்தது. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் வங்கி கடன் கொடுத்தது. அவன் தனக்கென்று குளிர் அறை போட்டுக்கொண்டு, தன் அக்காள் மகளையும் வேலைக்கு வைத்தான்.

பெர்சி அருவிக்காரர்களிடம் போட்ட ஏற்பாட்டை ரத்து செய்தார். வெர்லீனிடம் வந்து அதைச் சொன்னபோது தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். நம்ம இடம் சின்னதா தெரிஞ்சிருச்சு எனக்கு."

"எனக்கும் கிளோவிஸ் கட அப்படித்தான் தெரிஞ்சுது. உக்காருங்க."

மிஸ் ஐடெல்லா அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இருந்தார். மாதம் ஒரு தடவையாவது வந்து செர்ரி மரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, விலை அநியாயம் என்று சொல்லிவிட்டுப் போவார். வெர்லீன் அதை வேறு யாருக்கும் விற்கவில்லை. அவர் போனது ஒரு வசந்த காலத்து அதிகாலையில், தூக்கத்தில். பெர்சி முதலில் வெர்லீனைத்தான் அழைத்தார்.

வெர்லீன் அந்த வேலையை ஊழியர்களிடம் விடவில்லை. தானே அவருக்குத் தலைவாரி, பின்னலைக் கொண்டையாகச் சுற்றி, முகத்துக்கு அவர் நிறத்திலேயே பூச்சு கலந்து பூசினாள். கூட்டம் வருவதற்கு முன்பு பெர்சியை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். நான் ஆர்கன் அருகில் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பெர்சி பெட்டியருகே வந்தார். மைக் இல்லாத பெர்சியை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"லேசா கோவமா இருக்கற மாதிரி இருக்காங்க சிஸ்டர்" என்றார்.

"நான் மாத்திப் பாத்தேன் பிரதர். மாத்தினா அவங்க மாதிரியே இல்ல."

பெர்சி தலையசைத்தார். குனிந்து அம்மாவின் காலரை, சரியாகவே இருந்த காலரை, ஒருமுறை சரிசெய்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். வெர்லீன் என்னைப் பார்த்துக் கண்ணசைத்தாள். நான் வாசிக்கத் தொடங்கினேன்.