உப்புச் சுற்றிய சைலன்சர்

1

இந்தக் கதை ஒரு கெட்ட வார்த்தையிலிருந்து பிறந்தது. புதுக்கோட்டையில் என் காரின் சைலன்சரைக் கழற்றப்போன மெக்கானிக், துருவேறிய ஒரு போல்ட்டை முக்கால் மணி நேரம் திட்டினார். அதில் ஒரு வசவு அபாரம். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அச்சில் போட முடியாது என்றானதும், மிச்சம் இருந்தது போல்ட் மட்டும்தான். அவருக்குக் கதை படிக்கும் பழக்கம் உண்டு என்பதால் எல்லாவற்றையும் 1938க்குத் தள்ளிவிட்டேன்.

2

திருமயம் கோட்டையின் மேல் சூரியன் மெல்ல…

(வேண்டாம். சூரியனில் தொடங்கினால் காருக்கு அடியில் போய்ச் சேர நாலு பக்கம் ஆகும்.)

அடைக்கலம் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் ஆவுடையாள் ஆச்சி வீட்டு டிரைவர் அவன். அன்று மாலை ஆச்சி மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை அந்தக் காரில்தான் ஊர்வலம் வர வேண்டும். காரோ சைலன்சர் ஓட்டையாகி வேட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. புதுச் சைலன்சர் பந்தக்காலில் சாய்ந்து காத்திருந்தது. பழையதைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டும் அசையவில்லை.

"நாயனம் கேக்க வேண்டிய எடத்துல ஒன் காருதான் கேக்குது" என்றாள் ஆச்சி. "காரைப் பாத்துக்கிறதுக்குத்தான ஒன்னைய வச்சிருக்கு? பொழுது சாயறதுக்குள்ள சத்தம் அடங்கலேன்னா வேற வீடு பாத்துக்க."

"சரிங்க ஆச்சி."

(முதலில் ஆச்சியைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மகள் கல்யாணத்தன்று யாராக இருந்தாலும் அப்படித்தான் பேசுவார்கள்.)

3

புதுக்கோட்டையிலிருந்து பஸ் மெக்கானிக் அழகுமலை வந்தான். மண்ணெண்ணெய் ஊற்றினான், சுத்தியலால் தட்டினான், புளோ லாம்ப்பின் நெருப்பைக் காட்டினான். ஸ்பானர் வழுக்கி அவன் விரல் முட்டியைப் பெயர்த்தது. (அந்த வசவு இங்கே வர வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்: …………)

பிறகு துருவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்புக் கரிக்குதுண்ணே! காரை மீமிசல் கடலுக்குள்ள எறக்குனீங்களா?"

உப்பு வந்த காரணம் அடைக்கலத்துக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் ஆச்சி காருக்கு உப்புச் சுற்றித் திருஷ்டி கழிப்பாள். அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து, ஊர் கண்ணைக் கூப்பிடுகிற சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்று, சைலன்சர் மேல் ஊற்றச் சொல்வாள். சொய்யென்று கேட்டால் கண்ணேறு போய்விட்டதாகக் கணக்கு. ஊற்றியவன் அடைக்கலம். சத்தம் நன்றாக வரட்டும் என்று முன்கூட்டியே இஞ்சினை ஓடவிட்டுப் பைப்பைச் சுடவைத்தவனும் அவனே. ஆறு வருஷமாக.

4

இங்கே நாலு நாள் மாட்டிக்கொண்டேன். போல்ட் முறிந்தால் சோகக் கதை. தானாகக் கழன்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வேறு வழியின்றி என் மெக்கானிக்கிடமே போய்க் கேட்டேன்.

"கழட்டுற பக்கமே போட்டு இழுத்தா வராதுங்க சார். மொதல்ல இத்தினியோண்டு இறுக்குங்க. துரு பிடியை விட்டுரும். அப்பறம் கழட்டுங்க."

1938இல் இருக்கும் ஒருவனுக்காகக் கேட்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அழகுமலை மயிரிழை அளவு இறுக்கினான். கிரீச்சென்றது. எதிர்ப்பக்கம் திருப்பினான். இரண்டு போல்ட்டும் வந்துவிட்டன.

5

புதுச் சைலன்சர் ஏறியது. நாயனம் கேட்டது. அடைக்கலத்தின் வேலை பிழைத்தது. எனக்குச் சந்தோஷம், இங்கேயே முற்றும் போட்டிருப்பேன். அதற்குள் ஆச்சி தட்டில் உப்போடு வந்துவிட்டாள்.

"புதுசுல்ல, ஊரு கண்ணு பூரா இதுமேலதான் இருக்கும். அடைக்கலம், செத்த நேரம் இஞ்சினை ஓட விடு. சூடாகட்டும்."

உப்புத்தண்ணீரால்தான் துரு என்று அடைக்கலம் சொன்னால், நல்ல நாளும் அதுவுமாக அபசகுனப் பேச்சு. ஆறு வருஷம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வேறு. சொல்லாவிட்டால், அடுத்த துருவுக்கு அவன்தான் வேறு வீடு பார்க்க வேண்டும்.

அவனைச் சொல்லவைக்க மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அதட்டினேன், ஒன்றில் கெஞ்சினேன், ஒன்றில் அழகுமலையை விட்டு விலாவில் இடிக்கச் சொன்னேன். மூன்றிலும் இந்த மனுஷன் "சரிங்க ஆச்சி" என்றே சொல்லித் தொலைக்கிறான்.

ஆச்சி உப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தாருங்கள் ஸ்பானர், நீங்களே அவன் வாயைத் திறந்து பாருங்கள். மெதுவாக. முதலில் இறுக்குகிற பக்கம்.